உங்களுக்குத் தெரியுமா? இழை ஒன்றா, பலவா?

எழுத்துத் தமிழில் ஒரு பெயர்ச்சொல் ஒருமையா பன்மையா என்பதை, அந்தச் சொல் காட்டாதபோதும், அதைத் தொடரும் வினைமுற்றே பெரும்பாலும் காட்டிவிடும்.

• ஆரணிப் பட்டு நெய்யும் போளூர்ப் பக்கத்துத் தறியொன்றில் ‘பாவில் இழை அறுந்தது’ என்று எழுதினால் முடிய வேண்டியது ஒரே இழை. ‘இழை அறுந்தன’ என்றால் பல இழைகள். இவ்வாறு இரு எண்ணுக்கும் பொதுவாக நிற்கும் பெயரை, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்கிறது.

• ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரே எண்ணைக் காட்டுகிறது. நிகழ்காலத்தில், பன்மைப் பெயர் ‘எஸ்’ ஏற்க, ஒருமைக்குரிய படர்க்கை வினையும் அதே எழுத்தை ஏற்பதால் (‘லூம் ரன்ஸ்’, ‘லூம்ஸ் ரன்’), மாணவர் குழம்புவதில் வியப்பில்லை. இறந்தகாலத்திலோ ‘வாஸ்’, ‘வேர்’ தவிர வேறெந்த வினையும் எண்ணுக்கேற்ப மாறுவதில்லை.

• செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’, ஒருமையிலும் பன்மையிலும் வடிவம் மாறாததால், ஆங்கிலத்தின் பால்பகாப் பெயர் எனலாம்.

• பேச்சுத் தமிழோ வினையில் இந்த ஒருமை, பன்மை வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை: பத்து இழை போனாலும் ‘அறுந்துபோச்சு’தான்.