ஓட்டுக் கேட்டு வந்த அறிவியலாளர்கள்

சுடர் என்றால் என்ன? பதினோரு வயதில் ஆலன் ஆல்டா தன் ஆசிரியரிடம் இப்படிக் கேட்டார். ‘ஆக்சிஜனேற்றம்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பெயர் கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. ஆல்டா பிறகு ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகரானார். ஆனாலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 2012இல், 76 வயதில், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் வழியாக அதையே அறிவியலாளர்களுக்குப் போட்டியாக வைத்தார். 800க்கும் மேற்பட்ட விடைகள் குவிந்தன. பிழை இருக்கிறதா என்று மட்டும் அறிவியலாளர்கள் சரிபார்த்தார்கள். வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 6,000 பள்ளிப் பிள்ளைகள்.

பிரிட்டனில் 2008இல் தொடங்கிய ஒரு போட்டியும் இதே வகைதான். ஐந்து அறிவியலாளர்களை மாணவர்கள் கேள்விகளால் துளைத்தெடுத்தார்கள். பிறகு ஓட்டுப் போட்டு ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவருக்கு 500 பவுண்டு பரிசு.

ஓட்டுச்சீட்டே இல்லாமல் இதைவிடக் கடுமையான தேர்தலைச் சந்தித்தவர்கள் புதுக்கோட்டையில் உண்டு. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் அங்கே சூடுபிடித்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் தொண்டர்களும் ஊர் ஊராகப் போனார்கள். படிக்க வந்தவர்கள் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்துக் களைத்தவர்கள். பாடம் பிடிக்காவிட்டால் மறுநாள் வரமாட்டார்கள். அவ்வளவுதான், ஓட்டுப் போட்டாயிற்று! அதனால் பாட்டு வந்தது, வீதி நாடகம் வந்தது, சைக்கிளும் வந்தது. எழுத்தோடு சைக்கிளையும் பழகிய பெண்கள் பல்லாயிரம் பேர்.

அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் அகல் விளக்கு ஒன்றை ஏற்றிவைத்துச் சுடரை விளக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

எரிவது திரி அல்ல, திரவ எண்ணெயும் அல்ல என்பதில் தொடங்கலாம். எண்ணெய் திரியின் நுண்ணிய இடுக்குகள் வழியே தானாக மேலேறுகிறது. மேலே வந்ததும் சூட்டில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். நம்பிக்கை இல்லையா? ஒரு மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் பாரடே 1860களிலேயே லண்டனில் சிறுவர்களுக்குச் செய்துகாட்டிய சோதனை இது.

அடுத்து நிறம். சூட்டில் ஆவியின் மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடைகின்றன. இது வெப்பச் சிதைவு. சுடரின் அடியில் அந்தத் துண்டுகள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது மிஞ்சும் ஆற்றலில் ஒரு பங்கு நேரடியாக நீல ஒளியாக வெளிப்படுகிறது. இதற்கு வேதி ஒளிர்வு என்று பெயர். மேலே ஆக்சிஜன் போதாத இடத்தில் கரித்துகள்கள் உருவாகின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அத்தனை பொடி! அவை கொல்லன் உலையில் பழுத்த இரும்பைப்போலத் தகதகக்கின்றன. நாம் பார்க்கும் மஞ்சள் அதுதான். சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் அதே துகள்கள் கரியாகப் படியும். கண்மைக்காகப் பாட்டிமார் சேர்த்த சரக்கு.

வடிவத்துக்கும் காரணம் உண்டு. சூடான வாயு லேசானது என்பதால் மேலே எழுகிறது, கீழிருந்து குளிர்காற்று புகுகிறது. அந்த ஓட்டம்தான் சுடரை நீட்டிக் கூராக்குகிறது. விண்வெளி நிலையத்தில் அப்படி ‘மேலே எழுதல்’ இல்லை. அங்கே மெழுகுவத்திச் சுடர் உருண்டையாக, பெரும்பாலும் நீலமாக, சாதுவாக எரியும்.

ஆல்டாவின் போட்டியில் வென்றவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த பென் ஏம்ஸ். நரகத்தில் சங்கிலியில் கட்டுண்ட ஒருவனுக்குச் சுடரை விளக்கும் கார்ட்டூன் படம் எடுத்தார். கடைசியில் ஒரு பாட்டு. கடினமான சொற்களை அவர் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றையும் காட்டிப் புரியவைத்து, பிறகு பாட்டில் சேர்த்துப் பாடவே வைத்துவிட்டார். அறிவொளிக்காரர்கள் பார்த்திருந்தால் ‘நம்ம ஆள்’ என்றிருப்பார்கள்.

ஓட்டுப் போட்டுப் பழகிய பிள்ளைகளிடமே அடுத்த ஆண்டுக்கான கேள்வியும் கேட்டு வாங்கப்பட்டது. ‘நேரம் என்றால் என்ன?’ வேட்பாளர்கள் பாடு திண்டாட்டம்தான்.