உங்களுக்குத் தெரியுமா? ‘மருந்து’ என்றால் எந்த மருந்து?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ‘மருந்து’ என்றால் பேண்டேஜ் துணி வைத்துக் கட்டுவது. பக்கத்துச் சிவகாசியில் ‘மருந்து’ என்றால் வெடிப்பது. துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருப்பதற்கும் அதே பெயர்தான். ஆனால் பட்டாசு மருந்து வேறு, தோட்டா மருந்து வேறு.

● வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் கருமருந்து. எரிந்த பிறகு இதில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். கருமருந்துக் காலத்துப் போர்க்களங்களில் புகை மண்டியதற்கு இதுவே காரணம்.

● புகையில்லா மருந்தை 1884-ல் உருவாக்கியவர் பிரான்சின் பால் வியேல். 1889-ல் ஏபெல், டிவார் என்ற இரு விஞ்ஞானிகள் பிரிட்டனில் ‘கார்டைட்’ என்ற புகையில்லா மருந்தைச் செய்தார்கள். பார்க்கச் சேமியா மாதிரி நீள இழைகள். கயிறு என்று பொருள்படும் ‘கார்டு’தான் பெயருக்கு மூலம்.

● அந்தக் கார்டைட்டின் ஒரு முக்கியப் பொருள் பஞ்சு! அமிலத்தில் பக்குவம் செய்த பஞ்சு வெடிபஞ்சாகிவிடும். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய ஊரில் நூலாகவும், சத்திரப்பட்டியில் கட்டுத்துணியாகவும் மாறுகிற அதே பஞ்சுதான்.

● தமிழ்நாட்டிலேயே கார்டைட் ஆலை உண்டு. குன்னூர் அருகே அருவங்காட்டில் 1903-ல் தொடங்கியது. காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து ஆலையை ஓட்டினார்கள். 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

● எடை ஒன்றாக இருந்தாலும் எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் எரியாது. சிராய் சட்டென்று பற்றும், கட்டை நின்று எரியும், அப்படித்தான். கைத்துப்பாக்கிக்கு வேகமாக எரிவது, நீளக் குழலுள்ள ரைஃபிளுக்கு நிதானமாக எரிவது. ரைஃபிளில் வேகமாக எரிவதைப் போட்டால் குண்டு குழலுக்குள் அதிகம் நகருமுன் அழுத்தம் எகிறி, துப்பாக்கியே சிதறக்கூடும். மருந்தின் மணி அளவு, வடிவம், மேல்பூச்சு எல்லாம் இந்த வேகத்துக்காகத்தான்.

● கார் டயரில் காற்றழுத்தம் சுமார் 32 பி.எஸ்.ஐ. ‘.308 வின்செஸ்டர்’ ரகத் தோட்டாவுக்கு வகுத்த அழுத்த உச்ச வரம்பு 62,000 பி.எஸ்.ஐ. டயரைப் போல ஏறக்குறைய 1,900 மடங்கு! சுடுபவரின் முகத்துக்கு மிக அருகில்தான் இந்த அழுத்தம்.

● அழுத்தம் மிஞ்சியதைச் சுட்ட பித்தளை உறை சொல்லிவிடும். அடியிலுள்ள, ஊசி அடித்தால் பற்றும் கேப்பின் உருண்ட விளிம்பு சப்பையாகும். ஊசி பட்ட குழியைச் சுற்றி மேடு எழும்பும். அடிப்பாகத்தில் பளபளவென்று தடம் விழும். ரைஃபிளின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தூக்கவே மல்லுக்கட்ட வேண்டும்.

● ஆனால் பித்தளை பேசுவது தாமதமாக. இந்த அறிகுறிகள் தெரியும்போது பெரும்பாலும் எல்லை தாண்டியிருக்கும். மென்மையான கேப் சாதாரண அழுத்தத்திலேயே சப்பையாகும். கெட்டியான கேப் ஆபத்திலும் அசையாது. அதனால்தான் ஆலைகள் கண்ணை நம்புவதில்லை. முன்பு ஒரு செம்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று அளந்தார்கள். இன்று மின் உணரிகள் அளக்கின்றன.

● வெயிலும் அழுத்தத்தை ஏற்றும். சூடான மருந்து இன்னும் வேகமாக எரியும். குளிர்நாட்டில் அளந்து சரியென்று கண்ட அளவு, ஸ்ரீவில்லிபுத்தூர் சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டாவுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

● ராணுவத்தின் பழைய .303 ரகம் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக உரிமம் பெற்றவர்கள் கையில் அதிகம் புழங்குவது .315 ரைஃபிள்.

● அமெரிக்காவில் சுட்ட உறையில் வீட்டிலேயே மறுபடி மருந்து அடைப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

● பட்டாசுக்கும் கட்டுப்பாடு உண்டு. சிவகாசிக்காரர்கள் ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று சொல்வது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான ‘பெசோ’ தரும் உரிமத்தை. கந்தகத்தோடு குளோரேட் சேர்த்த பட்டாசுக் கலவைக்கு 1992-லேயே தடை வந்துவிட்டது. உரசினாலே பற்றிக்கொள்ளும் கலவை அது.

● மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் ‘அவுட்டுக்காய்’ என்ற நாட்டு வெடி உருண்டைக்கு இப்படி உரிமமோ அளவோ கிடையாது. கடித்த யானையின் வாய் சிதைந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தவரின் கை போயிருக்கிறது. காட்டோரம் உருண்டையாக எதுவும் கிடந்தாலோ, தாத்தா பெட்டியில் பழைய தோட்டா கிடைத்தாலோ தொடாதீர்கள். 112-க்கு அழையுங்கள்.