திருட்டு தெருவிலிருந்து கைப்பேசிக்கு

இரவு நெடுநேரம் கழிந்த பின்னரும் அச்சமின்றி வீடு திரும்பக்கூடிய நகரங்கள் உலகில் சிலவே. நம்பியோ இணையதளத்தின் பாதுகாப்புக் குறியீட்டில் அபுதாபி 2017 முதல் முதலிடம் வகித்து வருகிறது. எனினும், இக்குறியீடு காவல்துறைப் பதிவுகளால் ஆனதன்று. மக்கள் தெரிவிக்கும் கருத்துகளால் ஆனது. தெருவில் நிலவும் அச்சமின்மையை அது காட்டும். கைப்பேசி வழி நடைபெறும் மோசடியை அவ்வளவாகக் காட்டாது.

வங்கி அலுவலர் என்றோ காவலர் என்றோ கூறி அழைப்போர், எமிரேட்ஸ் அடையாள அட்டை முடக்கப்பட்டுள்ளதாக அச்சுறுத்தி ஓடிபி எண்ணைக் கேட்பர். அதனைச் சொன்ன சில நிமிடங்களில், ஊருக்கு அனுப்பவிருந்த சம்பளம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். வங்கியோ காவல்துறையோ இவ்வெண்ணைத் தொலைபேசியில் கேட்பதில்லை.

பணத்தை இழந்தோர் வெட்கத்தாலும், விசாவுக்குப் பாதிப்பு நேருமோ என்ற அச்சத்தாலும் முறையிடாமல் இருந்துவிடுவதுண்டு. ஏமாற்றப்படுவது குற்றமன்று, ஏமாற்றுவதே குற்றம். 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டத்தின்படி, இணையவழி மோசடிக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறையும் 2,50,000 முதல் 10,00,000 திர்ஹாம் வரை அபராதமுமோ, அவற்றுள் ஒன்றோ விதிக்கப்படும்.

பணம் பறிபோனால் செய்ய வேண்டியவை:

• உடனே வங்கியை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் செய்யவும்.
• குறுஞ்செய்திகளையும் அழைத்தவரின் எண்ணையும் அழிக்காமல் வைத்திருக்கவும்.
• துபாயில் 901 என்ற எண்ணிலோ காவல்துறையின் இ-கிரைம் தளத்திலோ, அபுதாபியில் அமான் சேவையின் 8002626 என்ற எண்ணிலோ முறையிடவும்.
• அவசர நிலையில் மட்டும் 999 எண்ணை அழைக்கவும்.