கழிமுகப் படிவுகளின் கனிமங்களும் துகள் அளவும்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படியும் மணல், வண்டல், களி ஆகியவற்றின் கலவையே கழிமுகப் படிவு. அது எத்தகைய பாறையிலிருந்து வந்தது என்பதைக் கனிமங்களும், எத்தகைய நீரோட்டத்தில் படிந்தது என்பதைத் துகள் அளவும் காட்டுகின்றன.

கடலைக் காணாத ஊர்களுக்கும் இதில் பங்குண்டு. திண்டுக்கல் மாவட்டத்தின் எரியோடு, வேடசந்தூர் வட்டாரத்து மழைநீர் பெரும்பாலும் குடகனாற்றில் வடிகிறது. குடகனாறு அமராவதியிலும், அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியிலும் சேர்கின்றன. முக்கொம்பில் காவிரி பிரியும்போது வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. மணலை நகர்த்துவது வெள்ளமே. ஆகவே எரியோட்டு மணல் கடலை எட்டினால், பூம்புகாரைவிடப் பழையாறு அருகிலுள்ள கொள்ளிடக் கழிமுகத்தை எட்டவே வாய்ப்பு அதிகம்.

திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பவை நைசு, சார்னோகைட்டு போன்ற உருமாறிய பாறைகள். அவற்றிலுள்ள குவார்ட்சு கடினமானது, எளிதில் சிதையாது; கழிமுக மணலில் அதுவே மிகுதி. பெல்சுபார் மெல்லச் சிதைந்து கேயோலினைட்டு முதலிய களிக் கனிமங்களாக மாறுகிறது. ஆனால் குவார்ட்சு ஏறத்தாழ எங்கும் கிடைப்பதால் மூலப்பாறையை அடையாளம் காண அதிகம் உதவாது. அதற்குப் பயன்படுபவை கார்னெட்டு, சிர்க்கான், இல்மனைட்டு போன்ற கன கனிமங்கள். குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65, சிர்க்கான், இல்மனைட்டு ஆகியவற்றுக்கு அது 4.5 அளவில் அல்லது அதற்கு மேல். லேசான மணலை அலை அள்ளிச் சென்றபின் இவை கரையில் கரிய பட்டைகளாக எஞ்சுகின்றன. எனினும் காவிரிப் படுகை முழுவதிலும் இத்தகைய பாறைகள் பரவியிருப்பதால், ஒரு கார்னெட்டு மணியை மட்டும் வைத்து அதன் ஊரைச் சொல்லிவிட முடியாது.

2 மி.மீ. முதல் 0.063 மி.மீ. வரையுள்ள துகள் மணல். அதற்குக் கீழே 0.004 மி.மீ. வரை வண்டல், அதனினும் சிறியது களி. அசையாத நீரில் 0.1 மி.மீ. மணல் 1 மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.002 மி.மீ. களித்துகளுக்கோ 3 நாள் ஆகும். அப்படியிருக்க, அலையும் ஓதமும் கலக்கும் இடத்தில் களி எப்படிப் படிகிறது? உப்புநீர் பட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை விரைவாக இறங்குகின்றன. மணலைச் சல்லடையாலும், களியின் அளவைப் படியும் வேகத்தாலும், அதன் கனிமங்களை எக்சு கதிர்ச் சிதறலாலும் ஆய்வாளர்கள் கண்டறிகின்றனர்.

அழகாபுரி குடகனாறு அணையிலும் காவிரியின் கதவணைகளிலும் மணல் தங்கிவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை மணல் அள்ளுவோர் எடுக்கின்றனர். நீரோடு மிதக்கும் களி மட்டுமே எளிதில் தப்பிச் செல்கிறது. மணல் வரத்துக் குறைந்தால், அலை அரித்த கரையை ஆற்றால் ஈடுசெய்ய இயலாது. கழிமுகத்தில் குழாய் இறக்கி எடுக்கும் படிவுத் தூணில், அடியில் பருமணலும் மேலே நுண்களியும் இருந்தால், ஆறு முன்போல் மணல் கொண்டுவரவில்லையா என்பதே ஆய்வாளர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று.