ஏலமலைச் சரிவில் உள்ளங்கை அளவு ரப்பர்

ஆடி மாதக் காலையில் போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால் மேற்கே மலையே தெரியாது. முந்தலுக்கு மேல் முழுக்க மேகம். ஊருக்குள் காற்றும் சாரலும்தான். மேட்டில் அடைமழை பெய்துகொண்டிருக்கும். விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு பெண்கள் ரோட்டோரம் வந்து நின்றுவிடுகிறார்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்குப் போகின்றன. பொழுது சாய்ந்ததும் அதே பாதையில் இறங்குகின்றன.

இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டிய இடம் கொண்டை ஊசி வளைவுகள்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். போடிமெட்டுச் சாலையில் அப்படி 17 வளைவுகள் உண்டு. ஆனால் அந்தச் சாலையின் ஏற்றத்தைக் கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். போடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். சராசரியாக நூறு அடி ஓடினால் நாலடி ஏற்றம், அவ்வளவுதான். மலைச் சாலை போடுகிறவர்கள் வளைத்து வளைத்துக் கொண்டுபோவதே சரிவைக் குறைக்கத்தான். மிகச் செங்குத்தான மலைப்பகுதியிலும், தவிர்க்கவே முடியாத இடத்தில்கூட, நூற்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறை.

தாரை விட்டு ஜீப் தோட்டத்துக்குள் திரும்பும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே யாரும் வரையறை பார்த்துப் பாதை வெட்டவில்லை. நூறடிக்கு இருபதடி ஏறும் மண் தடங்கள் சர்வ சாதாரணம். மேலே மர நிழல், கீழே ஊறிப்போன மண், அதன்மேல் அழுகிய சருகு.

சரிவில் வண்டியை நிறுத்திவைப்பது எஞ்சின் அல்ல. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற, ஏறக்குறைய உள்ளங்கை அளவு ரப்பர்தான் மொத்த எடையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிமானத்தை உராய்வு எண் என்று அளக்கிறார்கள். காய்ந்த தாரில் அது 0.7 அல்லது அதற்குமேல். நனைந்த தாரில் 0.5 சுற்றி. இறுகிக் கிடக்கும் வெண்பனியில் 0.2. கண்ணாடி போன்ற உறைபனியில் 0.1. ஈரக் களிமண் வழவழப்பேறிவிட்டால் வெண்பனிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நூறடிக்கு இருபதடி ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கே குறைந்தது 0.2 தேவை. இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால், பாதி எடைதான் அந்தச் சக்கரங்களின்மேல் இருக்கிறது. அதனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிடிமானம் வேண்டும். ஆடி மழையில் ஏலக்காட்டுக்குள் சாதாரண கார் ஏறாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

எந்த இரண்டு சக்கரம் இழுக்கிறது என்பதும் முக்கியம். வண்டி மேட்டில் ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்கிறது, முன்சக்கரம் லேசாகிறது. இன்று விற்கும் உயரமான கார்களில் பெரும்பாலானவை பார்வைக்கு ஜீப் மாதிரி இருந்தாலும் முன்சக்கர இழுவை வண்டிகள். ஈரச் சரிவில் முன்சக்கரம் சர்ரென்று சுழன்றுகொண்டே நிற்கும். அதே காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் சில சமயம் ஏறிவிடும், ஏனென்றால் இப்போது பாரம் இழுக்கும் சக்கரத்தின்மேல் விழுகிறது. பழைய ஜீப்போ பின்சக்கர இழுவை. பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால் அதன் பிடி கூடத்தான் செய்யும்.

ஏலமலையில் பழைய மஹிந்திரா ஜீப்புகள் இன்னும் மதிப்போடு ஓடுவதற்கு இன்னொரு காரணம் 'லோ' கியர். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, அந்த வம்சத்திலேயே மேஜர், கமாண்டர் போன்ற வண்டிகளைப் பின்னாளில் கொண்டுவந்தது. வில்லிஸ் ஜீப்பில் ஃபோர் வீலோடு லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகும், வேகம் அந்த அளவுக்குக் குறையும். ஆள் நடக்கிற வேகத்தில், ஆக்ஸிலேட்டரை மிதித்து உறும விடாமல், வண்டி ஊர்ந்தே ஏறும். தேனி மாவட்டத்து எல்லையில், சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகும் கற்பாதையில் ஜீப் மட்டுமே ஓடுவது இதனால்தான். புதிதாக வாங்குகிறவர்கள் 'தார்', 'ஜிம்னி' போன்ற வண்டிகளில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: ஃபோர் வீல் இருக்கிறதா, அதில் லோ இருக்கிறதா. சன்ரூஃப் மேட்டில் உதவாது.

ஆனால் ஃபோர் வீலின் பெரிய உதவி ஏற்றத்தில்தான். இறங்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. பிரேக் போட்டு நிறுத்துவதில் ஃபோர் வீல் வண்டிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நூற்றுக்குப் பதினைந்து இறக்கத்தில், காய்ந்த தாரில் ஆறேழு மீட்டரில் நின்றுவிடும். பிடிமானம் 0.2 இருக்கும் சமதரையில் 18 மீட்டர் போகும். அதே 0.2 பிடிமானத்தில் அந்த இறக்கத்தில் பிரேக் போட்டால் நிற்க 70 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. எழுபது மீட்டருக்குள் ஏலமலையில் ஒரு வளைவு வந்துவிடும். ஏறியபோது போட்ட கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டால் பிரேக் சூடேறாது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டி இறக்குவதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து தேனி மாவட்டத்துக்குத் திரும்பிய ஐயப்ப பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். மலையில் எதுவும் சின்னத் தவறு அல்ல என்பதை அந்த ஊர்கள் இன்னும் மறக்கவில்லை.

டயருக்கு வருவோம். ஏலக்காட்டு ஜீப்புக்கு வேண்டியது 'பட்டன் டயர்', அதாவது பெரிய பெரிய கட்டிகளும் நடுவே அகலமான இடைவெளியும் உள்ளது. கட்டி சேற்றில் குத்தி நிற்கும். இடைவெளி சேற்றை உதறித் தள்ளும். கார் டயரின் நெருக்கமான கோடுகளில் களிமண் அப்பிக்கொண்டால், அரைச் சுற்றுக்குள் அது மொட்டை டயர்தான். அகல டயர் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பழைய ஜீப்பின் ஒல்லி டயர் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடும். மழை மிஞ்சினால் பின்சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றுகிறவர்களும் உண்டு. பட்டன் டயருக்கும் ஒரு குறை இருக்கிறது: நனைந்த தாரில் அதன் பிடி சாதாரண டயரைவிடக் குறைவு. நாளில் பெரும்பகுதி தாரிலும் கொஞ்சம் மண்ணிலும் ஓடுகிறவருக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஆல்-டெரெய்ன் டயர் போதும்.

கனடாவில் குடியேறிய தமிழர்களுக்கு இதே கணக்கு வேறு உருவத்தில் வருகிறது. அங்கே தெருவிலிருந்து கராஜுக்கு ஏறும் வீட்டுச் சரிவே மார்கழி, தையில் ஏலக்காட்டுப் பாதை மாதிரி ஆகிவிடும். ஃபோர் வீல் கார் வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று நம்பி, கோடைக்கால டயரிலேயே ஓட்டுகிறவர்கள் ஏறிவிடுவார்கள். இறங்கும்போது தெருவுக்கு நடுவில் போய் நிற்பார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் இறுக ஆரம்பிக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போன்ற நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்வும். மூன்று சிகரத்துக்குள் ஒரு பனிப்பூ வரைந்த முத்திரை இருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அச்சு வடிவத்தைச் சொல்கிறதே தவிர, சோதனையைச் சொல்லவில்லை. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். போடிக்காரருக்கு அது தேவையில்லை. நம் வெயிலில் அந்த இளகிய ரப்பர் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

பாதையைத் திருத்துவது டயர் மாற்றுவதைவிடப் பலன் தரும். தோட்டங்களில் சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, ஈரம் காயுமுன் குறுக்கே கோடு கிழித்துவிடுகிறார்கள். செலவு பாதி, பிடிமானம் பல மடங்கு. தண்ணீர் தடத்தின் மேலேயே ஓடாமல் ஓரமாக வாய்க்கால் வெட்டினால் அந்தக் கோடுகளில் பாசி பிடிப்பதும் குறையும்.

இத்தனைக்கும் பிறகு ஜீப்பில் எத்தனை பேர் என்ற கேள்வி இருக்கிறது. பின்னால் பாரம் இருந்தால் ஏற்றத்தில் பிடி கூடும் என்பது உண்மை. ஆனால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அடைத்தால் வண்டி தலைகனத்து வளைவில் சாயும், இறக்கத்தில் பிரேக்கின் வேலை கூடும். 2023 ஆகஸ்டில் வயநாட்டு மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டப் பெண்களை ஏற்றி வந்த ஜீப் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களும் வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள்தான்.

ஜீப்பை ஒப்பந்தம் பேசும் தோட்டக்காரரோ கங்காணியோ காலையில் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அதற்குச் சமமாக வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், அந்த டயர் முடிந்தது. பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும்: 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. பட்டன் பெரிதாக இருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் அதை மலைக்கு அனுப்பக் கூடாது. ஸ்டெப்னியையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். சீட்டுக்கு அடியில் அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை கிடக்கிறதா என்றும் பார்த்துவிட்டால், பெண்கள் ஏறிக்கொள்ளலாம்.