உப்புக் குவியலும் வீட்டுச் சுவரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் உவர்நீர். வரப்புகளில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்கள். அந்தக் குவியலிலிருந்து நல்ல பரலாக ஒரு கல்லுப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். அது வெள்ளையாகவா இருக்கிறது? இல்லை, கண்ணாடித் துண்டைப்போல் நிறமற்று இருக்கிறது!

நிறமில்லாத பரல்கள் ஒன்றுசேர்ந்தால் வெண்மை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தெரிந்துவிட்டால், வீட்டுச் சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதில் பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான்.

காற்றின் ஒளிவிலகல் எண் 1. உப்பின் எண் 1.54. காற்றிலிருந்து உப்புக்குள் நுழையும் இடத்திலும், வெளியேறும் இடத்திலும் ஒளியில் ஒரு சிறு பங்கு திரும்பிவிடுகிறது. குவியலில் இப்படிப்பட்ட முகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. முட்டி மோதிச் சிதறிய ஒளி, எல்லா நிறங்களும் கலந்தபடியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அதைத்தான் வெண்மை என்கிறோம். தூளாக்கிய உப்பைத் தட்டில் பரப்பி, ஒரு பாதியில் மட்டும் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் பட்ட பாதி வெண்மை குன்றி மங்கிவிடும். தேங்காய் எண்ணெயின் எண் ஏறக்குறைய 1.45, உப்புக்கும் அதற்கும் வேறுபாடு சிறிது. ஆகவே சிதறலும் சிறிதாகிவிட்டது.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சுண்ணாம்பு அடித்தவுடன் சுவர் அழுது வடிந்தாற்போல இருக்கும். "இன்னும் ஒரு கை அடித்தால் என்ன?" என்று பாட்டி கேட்பார். மறுநாள் காலையில் சுவர் பளிச்சென்று நிற்கும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பின் நுண்துளைகளில் நீர் இருந்தது. நீரின் எண் 1.33. நீர் ஆவியாகி அந்த இடத்தில் காற்று புகுந்ததும் சிதறல் பெருகியது. இதற்கிடையில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகிக்கொள்கிறது. எமல்ஷன் பெயின்டின் கதை பெரும்பாலும் நேர்மாறானது. அதிலுள்ள பசைத் துளிகள் ஈரத்தில் பால்போல் ஒளியைச் சிதறடிக்கும். காய்ந்ததும் ஒன்றுகலந்து தெளிந்துவிடும். நிறம் சற்று ஆழமாகும். எப்படியிருந்தாலும் ஈரச் சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சுண்ணாம்பில் நினைத்த நிறத்தையெல்லாம் கலந்துவிடவும் முடியாது. ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடுகிறதல்லவா? சுண்ணாம்பு வலிய காரம். (கண்ணில் தெறித்தால் பேராபத்து என்பதும் அதனால்தான்.) பிரஷ்யன் நீலம் என்ற நிறமி காரத்தில் சிதைந்து பழுப்பாகும். ஆனால் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தூளான அல்ட்ராமரின் காரத்துக்கு அசைந்து கொடுக்காது. சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலக்கிறார்களே, அது சுண்ணாம்பின் இலேசான மஞ்சள் சாயலை மறைத்துச் சுவரை மேலும் வெண்மையாகக் காட்டுகிறது. இரும்பு ஆக்சைடுகளான காவியும் மஞ்சட்காவியும்கூடச் சுண்ணாம்போடு ஒத்துப்போகிறவை. கோயில் மதிலின் காவிப்பட்டை அதற்குச் சாட்சி.

இனி, கடைக்காரர் தரும் நிற அட்டைக்கு வருவோம். என்னைக் கேட்டால், அட்டையை நம்பி மட்டும் வாளி வாளியாகப் பெயின்ட் வாங்குவது வீண் துணிச்சல். ஏனென்றால் அட்டையில் பட்ட ஒளி ஒருமுறை திரும்பி நேரே கண்ணுக்கு வருகிறது. அறையிலோ சுவருக்குச் சுவர் பந்துபோல் மோதுகிறது. ஒரு மஞ்சள் சுவர், தன்மேல் விழும் மஞ்சள் ஒளியில் 100-க்கு 80 பங்கையும், நீல ஒளியில் 100-க்கு 40 பங்கையும் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் மோதலில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் விகிதம் 2:1. இரண்டாம் மோதலில் 64-க்கு 16, அதாவது 4:1! அட்டையில் சந்தனமாக இருந்தது அறையில் மாம்பழமாகிவிடுவது இதனால்தான். மனத்தில் நினைத்ததைவிட ஒரு படி வெளிறிய நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நலம்.

புடவைக் கடையில் அம்மா என்ன செய்கிறார்? புடவையைக் கையோடு வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கிறார். இது சரியான அறிவியல். கடை விளக்கில் ஒன்றுபோல் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடலாம். விளக்கொளியில் கலந்துள்ள அலைநீளங்களின் அளவு வேறு, வெயிலில் வேறு. உப்பளத்தைப் பார்த்த சன்னல் உள்ள அறையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாய்வெயில் பாத்தி நீரில் பட்டுக் கீழிருந்து மேலே வந்து கூரையைத் தாக்கும். அங்கே தூய வெள்ளையைவிட வெளிர்பச்சையோ சாம்பலோ கண்ணுக்கு இதம்.

பக்கத்திலுள்ள நிறமும் ஏமாற்றும். பாரிஸில் கொப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை, அருகில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கவைத்தன. 1839-இல் இதைப்பற்றிப் பெரிய நூலே எழுதி வெளியிட்டார்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். இரண்டடிச் சதுரமான தடித்த அட்டையில் இரண்டு கை பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பழைய சுவரின் நிறம் குறுக்கிடாதபடி அட்டையைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். காலை, நண்பகல், இரவு விளக்கு என மூன்று வேளையும், அறையின் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துவைத்துப் பாருங்கள். அறையின் மூலையில் இரண்டு அட்டைகளை எதிரெதிராகச் சாய்த்தால், மேலே சொன்ன மோதலையும் கண்ணால் காணலாம்.

மரக்காணம் போன்ற கடலோர ஊரில் இதோடு வேலை முடியாது. நிறம் சரியாக அமைந்தாலும் உப்பு விடாது. உவர்நீரில் குழைத்த காரை வழியாகவும், அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதத்தோடும், கடற்காற்றோடும் அது சுவருக்குள் வந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடலோரத்தில் இரவு பகலாக இந்த ஆட்டம் நடக்கிறது. நுண்துளைக்குள் வளரும் படிகம் சுவரை உள்ளிருந்து நெம்புகிறது. மேலே அடைத்துப் பூசிய எண்ணெய்ப் பெயின்ட் கொப்புளித்து, அப்பளம்போல் உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடுவதால் அத்தனை எளிதில் கொப்புளிப்பதில்லை.

பெயின்ட் வாங்கும் முன் ஓரடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒருநாள் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது என்று பொருள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் அடிக்கும் பெயின்ட் அத்தனையும் நட்டம். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டியெடுக்கவேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பழைய எண்ணெய்ப் பெயின்ட்டை மட்டும் உலர்வாகச் சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும்.

தட்டியெடுத்த வெள்ளைப் பொடியில் சிறிது பள்ளிக்குக் கொண்டுபோங்கள். நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டாம். வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் அதை வாலைவடி நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சில துளி விடுங்கள். தயிர்போன்ற வெள்ளை வீழ்படிவு உண்டானால் அது குளோரைடு. கடல் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. வீழ்படிவு இல்லையென்றால், புதிதாகக் கரைத்த கரைசலில் பேரியம் குளோரைடைச் சேர்த்துப் பாருங்கள். இப்போது வெள்ளை படிந்தால் அது சல்ஃபேட்டாக இருக்கலாம். செங்கல்லையோ சிமென்ட்டையோ சந்தேகிக்கலாம். பெயின்ட் கடைக்குப் போகும் முன் கொத்தனாரிடம் என்ன கேட்கவேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.