உங்களுக்குத் தெரியுமா? – பால்கனில் பெயருக்கும் பிணத்துக்கும் நடக்கும் வழக்கு

● 1993 ஏப்ரலில் ஐ.நா. சபையில் சேர்ந்த ஒரு நாட்டுக்குத் தன் சொந்தப் பெயரில் சேர அனுமதி கிடைக்கவில்லை. 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த மாசிடோனியாதான் அது. “மாசிடோனியா எங்கள் வட மாகாணம், அலெக்சாண்டர் பிறந்த மண்” என்று கிரீஸ் குறுக்கே நின்றது. கடைசியில் ‘முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்று சேர்த்துக்கொண்டார்கள். உட்கார இடம் போடுவதிலும் தகராறு. ‘எம்’ வரிசையைக் கிரீஸ் ஏற்கவில்லை, ‘முன்னாள்’ என்பதைக் குறிக்கும் ‘எஃப்’ வரிசையை மாசிடோனியா ஏற்கவில்லை. ஆங்கிலப் பெயருக்கு முன்னால் வரும் ‘தி’ என்ற சொல்லைப் பிடித்து, ‘டி’ வரிசையில் தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள்.

● அந்த நாட்டின் கொடிக்கும் அதே கதிதான். வட கிரீஸில் உள்ள வெர்ஜினாவில் 1977-ல் தொல்லியல் அறிஞர் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் ஓர் அரச கல்லறையைத் திறந்தார். உள்ளே இருந்த தங்கப் பேழையின் மூடியில் 16 கதிர்களோடு ஒரு சூரியன். அதே சூரியனை 1992-ல் மாசிடோனியா தன் கொடியில் வைத்தது. கிரீஸ் 1994-ல் வணிகத் தடை விதித்து, தெசலோனிகி துறைமுகத்தை மூடியது. கடற்கரையே இல்லாத நாட்டுக்கு அது மூச்சை நிறுத்தியதற்குச் சமம். 1995-ல் உடன்பாடு ஏற்பட்டது. புதுக் கொடியில் எட்டுக் கதிர்கள் மட்டுமே.

● தலைநகர் ஸ்கோப்பியேவின் நடுச் சதுக்கத்தில் 2011-ல் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை ஒன்றை நிறுத்தினார்கள். அதன் அரசாங்கப் பெயர் ‘குதிரைமேல் அமர்ந்த போர்வீரன்’. அலெக்சாண்டர்தான் என்பது ஊருக்கே தெரியும். 2008-ல் நேட்டோவில் சேர விடாமல் கிரீஸ் தடுத்த ஆத்திரம் அந்தச் சிலையில் இருக்கிறது. கிரீஸ் அப்படித் தடுத்தது தவறு என்று சர்வதேச நீதிமன்றமும் 2011 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில் சிலைகளுக்கும் தூண்களுக்கும் கொட்டிய பணத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

● பெயர்ச் சண்டை 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் முடிவுக்கு வந்தது. ‘வடக்கு மாசிடோனியா’ என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. வண்டிகளின் நம்பர் பிளேட்டில்கூட ‘எம்கே’ போய் ‘என்எம்கே’ வந்தது. இந்த உடன்பாட்டுக்காக ஐ.நா. தூதர் மேத்யூ நிமெட்ஸ் உழைத்த காலம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு.

● பெயரைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. 1946 முதல் 1949 வரை நடந்த கிரேக்க உள்நாட்டுப் போரின்போது வட கிரீஸின் மாசிடோனிய மொழி பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டின. அவற்றில் தனியே அனுப்பப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளும் ஏராளம். 1982-ல் கிரீஸ் அரசு, அகதிகள் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தது. ‘கிரேக்க இனத்தவர்’ மட்டும் என்ற நிபந்தனையோடு. பிறந்த கிராமம் எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் திரும்ப முடியாமல் முதுமை அடைந்தவர்கள் உண்டு. ஒரு பெயருக்காக ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்பவர்கள் இவர்களையும் நினைக்க வேண்டும்.

● கிரீஸோடு தீர்ந்தது, பல்கேரியாவோடு முற்றியது. இங்கே வழக்கு ஒரு மனிதரைப் பற்றியது: கோத்ஸே டெல்ச்செவ். 1872-ல் ஆட்டமன் ஆட்சியில் இருந்த குகுஷ் ஊரில் பிறந்தார்; அது இன்று கிரீஸில் இருக்கும் கில்கிஸ். தெசலோனிகியில் பல்கேரியப் பள்ளியில் படித்தார், ஆசிரியர் வேலை பார்த்தார், மாசிடோனியாவின் தன்னாட்சிக்காகத் தலைமறைவு இயக்கம் கட்டினார். 1903 மே மாதம் பனித்ஸா கிராமத்தில் துருக்கிப் படையோடு மோதி இறந்தபோது வயது 31. தன் தலைநகர் சோபியாவில் இருந்த அவரது எலும்புகளை 1946-ல் பல்கேரியா ஸ்கோப்பியேவுக்கு அனுப்பிவைத்தது. இன்று ஸ்வெதி ஸ்பாஸ் தேவாலய முற்றத்தில், கல் பேழைக்குள் இருக்கிறார். மாசிடோனியத் தேசியகீதம் அவர் பெயரைச் சொல்கிறது. பல்கேரியாவில் ஒரு நகரமே அவர் பெயரில் இருக்கிறது. 2017-ல் நட்பு ஒப்பந்தம் போட்டு, இரு நாட்டு வரலாற்றாசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். டெல்ச்செவ் விஷயத்தில் அந்த மேசை நகரவில்லை.

● அவர் தன்னைப் பல்கேரியர் என்று எழுதியதற்கு ஆவணம் உண்டு என்கிறது சோபியா. அவர் உயிரைக் கொடுத்தது மாசிடோனியாவுக்கு என்கிறது ஸ்கோப்பியே. என்னைக் கேட்டால் இரண்டும் உண்மைதான். ஆட்டமன் ஆட்சியில் வாழ்ந்தவரை இன்றைய இரண்டு கடவுச்சீட்டுகளில் ஒன்றுக்குள் திணிப்பதுதான் பிழை.

● 1992 ஜனவரியில் மாசிடோனியாவை முதலில் அங்கீகரித்த நாடு பல்கேரியாதான். ஆனால், நாட்டை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் மொழியை ஏற்கவில்லை. அது பல்கேரிய மொழியின் ஒரு வழக்கு என்பதே அவர்கள் வாதம். 1945-க்குப் பிறகு யூகோஸ்லாவிய ஆட்சியில் ‘நாங்கள் பல்கேரியர்’ என்று சொன்னவர்கள் துன்புறுத்தப்பட்டது மெய். அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. அதற்காக, பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் மக்கள் பேசி எழுதும் மொழியை ‘அப்படி ஒன்றே இல்லை’ என்று வெளியிலிருந்து சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

● 2021 கணக்கெடுப்பில் வடக்கு மாசிடோனியாவில் தங்களைப் பல்கேரியர் என்று பதிந்துகொண்டவர்கள் 3,504 பேர். அவர்களை அரசியல் சாசனத்தில் சேர்த்தால்தான் ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தை மேலே நகரும் என்பது 2022-ல் வந்த நிபந்தனை. அதற்கு 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும், அது திரளவில்லை. ஒன்றாக வரிசையில் நின்ற அல்பேனியா 2024 அக்டோபரில் தனியாக முன்னே போய்விட்டது.

● டெல்ச்செவைப் போலவே இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடும் இன்னொருவர் விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா. அவர் 1856-ல் பிறந்த ஸ்மில்யான் கிராமம் இன்று குரோஷியாவில். குடும்பம் செர்பியக் குடும்பம். அஸ்தி பெல்கிரேடு அருங்காட்சியகத்தில், தங்க நிறக் கோளம் ஒன்றில். செர்பியாவின் 100 தினார் நோட்டில் அவர் முகம். குரோஷியாவின் யூரோ நாணயத்திலும் அவர் முகம்.

● நம் கொல்கத்தாவும் இதில் மாட்டியது. அன்னை தெரசா 1910-ல் பிறந்தது ஸ்கோப்பியேவில், அல்பேனியக் குடும்பத்தில். அல்பேனியத் தலைநகர் டிரானாவின் விமான நிலையத்துக்கு அவர் பெயர். ஸ்கோப்பியேவில் அவருக்கு நினைவில்லம். 2009-ல் அல்பேனியா அவரது உடலைக் கேட்டது. அவர் இந்தியக் குடிமகள், தன் சொந்த நாட்டில்தான் துயில்கிறார் என்று இந்தியா மறுத்துவிட்டது.

● போர் ஓய்ந்த போஸ்னியாவில் 1998-ல் புது நம்பர் பிளேட் வந்தது. அதுவரை பிளேட்டைப் பார்த்தே ஓட்டுநர் எந்தத் தரப்பு என்று தெரிந்துவிடும். அடுத்த தரப்பின் ஊருக்குள் வண்டி ஓட்டப் பயந்தார்கள். லத்தீன், சிரிலிக் இரண்டிலும் ஒரே வடிவில் இருக்கும் எழுத்துகளாகப் பொறுக்கினார்கள்: ஏ, இ, ஜே, கே, எம், ஓ, டி. ஊர்க் குறியீடும் இல்லை. அதற்குப் பிறகு ஊர்விட்டு ஊர் வண்டிகள் ஓட ஆரம்பித்தன.